சார்ஜன்ட்டுக்குப் போட்ட சோறு

1

எங்கள் காரின் பின்விளக்கு ஒன்று எரியாமல் போனதில் தொடங்கிய கதை இது. திருகோணமலையில் நான் இருந்த காலத்தில் அது ஒரு கதையே இல்லை. விளக்கு எரிகிற வண்டியைக் கண்டால்தான் நாங்கள் திரும்பிப் பார்த்திருப்போம். இங்கே, அமெரிக்காவின் ஏரிக்கரை நகரம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அந்த ஒற்றை விளக்குக்காக நீலமும் சிவப்புமாக வெளிச்சம் போட்டுக்கொண்டு ஒரு பொலிஸ் கார் எங்கள் பின்னால் வந்தது.

என் கணவர் தவராசா ஊரில் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ஒரு பண்டகசாலையில் வேலை. ஆள் இங்கே வந்து எத்தனையோ பனிக்காலம் கண்டுவிட்டார் என்றாலும், பொலிஸைக் கண்டவுடன் அவருடைய உடம்பு மட்டும் ஊருக்குத் திரும்பிப் போய்விடும். காரை ஓரம் கட்டினார். பத்திரங்களை எடுத்தார். சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். நான் ஏன் என்று கேட்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, பத்திரங்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பணிவாகப் பொலிஸ்காரரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஊரில் அதுதானே மரியாதை? பொலிஸ்காரர் வெயிலில் நிற்க நாங்கள் வண்டிக்குள் குந்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினால், "என்ன, பெரிய துரையோ?" என்றல்லவா கேட்பார்கள்! ஆனால் இந்த நாட்டில் இறங்கி வருவதுதான் பிழை. பொலிஸ்காரர் கையை இடுப்புக்குக் கொண்டுபோய், உள்ளே போ, உள்ளே போ என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்தக் கத்தலுக்கும் இவர் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றபடி இன்னும் கிட்டப் போனார். கிட்டப் போய் மன்னிப்புக் கேட்பதும் எங்கள் மரியாதைதான்.

பின்சீட்டில் இருந்த மகள் அபி அலறினாள். "அப்பா, உள்ள வாங்கோ! கையைக் காட்டிக்கொண்டு உள்ள வாங்கோ!"

இவர் திரும்பிப் பார்த்தார். மகளின் முகத்தைக் கண்டவுடன் விசயம் விளங்கியது. வந்து காருக்குள் இருந்தார். அதற்குப் பிறகு எல்லாம் சாதாரணமாக நடந்தது. பொலிஸ்காரர் இளம் பொடியன், அவனுக்கும் மூச்சு வாங்கியது. விளக்கை மாற்றச் சொல்லி எச்சரிக்கைத் துண்டு ஒன்றை எழுதித் தந்துவிட்டுப் போனான்.

"நல்ல மனுசன்," என்றார் இவர், வீடு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது.

"நல்ல மனுசனோ? உங்களைச் சுட்டிருப்பான், அப்பா," என்றாள் அபி.

2

அபி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோபம் வந்தால் எங்கள் பிள்ளைகள் கத்த மாட்டார்கள், கணினியைத் திறப்பார்கள். அந்தத் துண்டில் இருந்த பெயரை ஓர் இணையப் பக்கத்தில் தட்டினாள். பொடியனின் பெயர், இலக்கம், எப்போது வேலைக்குச் சேர்ந்தான், அவன்மேல் யார் என்ன முறைப்பாடு செய்தார்கள், அதற்கு என்ன முடிவு என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "மூடு, பிள்ளை. நாங்கள் பாக்கிறது அவையளுக்குத் தெரிஞ்சால்?"

"தெரிஞ்சால் என்ன? எல்லாருக்கும் எண்டுதானே போட்டிருக்கினம்."

"எல்லாருக்கும் எண்டால் எங்களுக்குமோ?"

எனக்கு வேறு கவலை. "பாவம், உந்தப் பக்கத்தை அவன்ர தாய் பாத்தால் என்ன நினைப்பா?" என்று கேட்டேன். அபி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கிழமை முழுக்க நான் அந்தப் பக்கத்தை விடவில்லை. நான் ஒரு பாடசாலையின் உணவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் என்னை 'மிஸ் ராணி' என்பார்கள். பாடசாலை வாசலில் நிற்கும் பொலிஸ்காரர், கடைத்தெருவில் கோப்பியும் கையுமாக நிற்பவர், எங்கள் ஒழுங்கையில் சுற்றுகிறவர் என்று, சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒருவரையும் விடவில்லை. கலியாணத்துக்கு வந்த சாதகங்களைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். "எங்களை மறித்த பொடியன் பரவாயில்லை, ஒரே ஒரு முறைப்பாடு, அதுவும் வாய்த்தர்க்கம். பாடசாலை வாசலில் நிற்கிறவருக்குத்தான் கொஞ்சம் கை நீளும்" என்று இவருக்கு அறிக்கையும் வாசித்தேன். அநேகமான முறைப்பாடுகளுக்குப் பக்கத்தில் 'நிரூபிக்கப்படவில்லை' என்றே இருந்தது. கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள், உள்ளே போனால் இருக்கக் கதிரையைக் காணோம் என்று எனக்குப் பட்டது. என்றாலும் கதவு திறந்துதானே கிடக்கிறது!

இந்த வசதி எங்கள் ஊரிலும் இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்ததுதான். கரையில் மீன் வெட்டித் தருகிற மனுசியிடம் கேட்டால், எந்த வளைவில் எந்தப் பொலிஸ்காரர் நிற்கிறார், அவர் யாருக்கு அடித்தார், யாரிடம் அறக்குளா மீனை ஓசியில் கொண்டுபோனார் என்று செதிள் உரிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவா. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் எழுத்தில் தா என்று கேட்டால் ஊரே ஊமை.

அபிக்கு இதைச் சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தம்பியின் நினைப்பு வந்தது.

3

தம்பி குகன் எனக்கு நேர் இளையவன். திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்ற கிராமத்தில் பெண் எடுத்து அங்கேயே இருக்கிறான். அந்தக் கரையில் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போவார்கள். இவனும் போனான், வள்ளம் ஏறிய நாளெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தான், பிறகு ஓட்டோ வாங்கினான். காலையில் மகள் துளசியைப் பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்குவான். பிறகு படகுகள் புறப்படுகிற ஜெட்டிப் பக்கம் போய் நின்று, திமிங்கிலம் பார்க்க வந்த வெள்ளைக்காரரையும் ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கிற அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகிற சனத்தையும் ஏற்றி இறக்குவான்.

போன வருடம் ஒருநாள் காலை, துளசி பின்சீட்டில் வெள்ளைச் சட்டையோடு இருக்க, நிலாவெளி வீதியில் ஒரு மரநிழலில் பொலிஸ் மறித்தது. நின்றவர் ஒரு சார்ஜன்ட். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுத்தில் வேண்டும் என்று இவ்வளவு கதைக்கிறவளும் பயந்தவள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒருவர் பயணப்பையோடு நின்றார். அவரை உடனே பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

"சேர், பிள்ளைக்கு இண்டைக்குச் சோதினை. அவளை இறக்கிப்போட்டு உடன வாறன்," என்று குகன் சொன்னான்.

"நீ எனக்கு நேரம் சொல்லுறியோ?" என்று கேட்டுக் கன்னத்தில் ஓர் அறை. சார்ஜன்ட் தமிழும் நன்றாகக் கதைப்பார், சிங்களமும் நன்றாகக் கதைப்பார். அறைக்கு மொழி தேவைப்படவில்லை.

குகன் "சொறி சேர்" என்றான். பயணப்பைக்காரரை ஏற்றினான். துளசி ஒதுங்கி இருந்து இடம் கொடுத்தாள். சோதினைக்குப் பிந்திப் போனாள். அடுத்த நாள், "நான் இனி பஸ்ஸில போறன், அப்பா. சிநேகிதியும் போறாள்," என்றாளாம். அவள் அப்போது தரம் ஆறில் படித்த பிள்ளை. அன்றையிலிருந்து ஓட்டோவில் ஏறவில்லை. மழையென்றாலும் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்பாள். தம்பி அந்த பஸ்ஸுக்குப் பின்னால் வெறும் ஓட்டோவோடு பள்ளிக்கூட வாசல்வரைக்கும் போய், அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு ஜெட்டிக்குத் திரும்புவான்.

எனக்கு விசயம் தெரிய வந்தபோது எல்லாரையும் போல நானும், "விடு தம்பி, பெரிய இடத்துச் சோலி," என்றேன்.

"அக்கா, அடி பெரிசில்லை," என்றான். "நான் 'சொறி சேர்' எண்டதைப் பிள்ளை கேட்டுட்டாள். பிழை விட்டவன்தானே சொறி சொல்லுவான்? அப்பா என்னவோ பிழை விட்டிட்டார் எண்டு அவள் நினைக்கிறாள். என்னில பிழையில்லை எண்டு நான் சொன்னால் காணாது. அது ஒருதர் எழுதித் தரோணும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். நட்டஈடும் இல்லை, சார்ஜன்ட்டின் வேலை போகவேண்டும் என்றும் இல்லை.

ஓர்ஸ் ஹில் பக்கம் இப்படியான முறைப்பாடு எடுக்கிற ஒரு கந்தோர் இருக்கிறது. போய்ச் சொன்னான். எழுதினார்கள், முத்திரை குத்தி ஒரு பிரதி தந்தார்கள். அதை ஓட்டோ சீட்டில் வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு முன்னால் பிளேன்டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது, பட்டினத்தில் திரிகிற மான் ஒன்று தலையை ஓட்டோவுக்குள் விட்டு அதை அமைதியாக மென்றுகொண்டிருந்தது. முத்திரையையும் சேர்த்துத்தான்.

மறுபடி கந்தோருக்குப் போய், மான் தின்றுவிட்டது என்று சொன்னான். அங்கே இருந்தவர் சிரிக்கக்கூட இல்லை. திருகோணமலையில் வேலை செய்கிறவருக்கு அது என்ன புதினமா? "இன்னொரு பிரதி தாறன். இதையெண்டாலும் லமினேட் பண்ணி வையும்," என்றாராம்.

4

அந்த வருடம் எங்கள் கோயில் திருவிழா வந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசையும் அந்தக் குடும்பத்துக்கு, அன்றைய அன்னதானமும் அந்தக் குடும்பத்துக்கு. எங்கள் உபயத்தன்று வந்து இருக்கிறவர்களுக்குச் சோறு போடுவது எங்கள் வீட்டு ஆட்கள்தான். கூலிக்கு ஆள் பிடித்துப் பரிமாறினால் அது உபயமே இல்லை என்பது எங்கள் ஆட்களின் கொள்கை. ஆகவே நான் இங்கே குசினியில் நின்று தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்க, அங்கே குகன் வேட்டியை மடித்துக் கட்டி, சோற்று வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சுமதி கறி. துளசி பாயாசம்.

கடைசிப் பந்தியில், காவலுக்கு வந்த பொலிஸ்காரர்கள் வந்து இருந்தார்கள். அவர்களில் ஒருவர், அங்கே தொலைபேசியைப் பிடித்திருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்தச் சார்ஜன்ட். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல பசி போல.

அந்த வரிசை குகனுக்கு விழுந்தது. நான் இங்கே தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். அவன் வந்தான், குனிந்தான், இரண்டு அகப்பை சோறு வைத்தான், அடுத்த இலைக்குப் போனான். "துளசி, நீ உந்த வரிசையை விடு, வேற ஆரும் பாப்பினம்," என்று சுமதி சொல்வது கேட்டது. அதற்குள் தொலைபேசியைப் பிடித்திருந்தவர் தீபாராதனைப் பக்கம் திரும்பிவிட்டார். மிச்சத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு குகனிடம் கேட்டேன். "உனக்கு மனம் வந்ததோ?"

"வரேல்ல. ஆனா இலை போட்டாச்சே அக்கா. இலைக்கு முன்னால ஆர் இருக்கிறார் எண்டு பாத்துச் சோறு போடேலுமோ?"

நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன். கந்தோர் மறக்கவில்லை. கொஞ்ச மாதம் கழித்துக் குகனுக்கு ஒரு கடிதம் வந்தது. 'உமது முறைப்பாடு முடிவுறுத்தப்பட்டுள்ளது.' ஏன், எப்படி என்று ஒரு சொல் இல்லை. போய்க் கேட்டான். முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள்.

5

பின்விளக்குக் கதைக்குப் பிறகு இதெல்லாம் அபிக்குத் தெரிய வந்தது. அவள் மறுபடி கணினியைத் திறந்தாள். இலங்கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அரசாங்கக் கந்தோரிடம் எவரும் எழுத்தில் கேட்கலாம், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தாள். எங்கள் நாட்டுச் சட்டத்தை எங்களுக்குச் சொல்லித்தர, அந்த நாட்டில் ஒரு மாதமும் சேர்ந்தாற்போல் இருந்தறியாத பிள்ளை வேண்டியிருந்தது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இது எப்ப வந்தது?" என்றார். வந்து எவ்வளவோ காலம்.

அபியே மாமனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளுடைய தமிழ் ஒரு தனி ரகம். சொல்லெல்லாம் இருக்கும், மரியாதை மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிடும்.

"மாமா, நீ பயப்படாதை. நான் எழுதித் தாறன், நீ சைன் வை."

அங்கே குகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உங்கட மகளுக்கு நான் தம்பி முறையாம்! ஓம் பிள்ளை, சொல்லுங்கோ, எங்க வைக்கிறது?"

முறைப்பாட்டை ஏன் முடித்தார்கள் என்று கேட்டு விண்ணப்பம் போனது. முதல் பதில் வந்தபோது நாங்கள் அதை இரண்டு தரம் வாசித்தோம். கேட்ட தகவல் ஓர் உத்தியோகத்தரின் தனிப்பட்ட தகவல் என்பதால் தர ஏலாதாம்.

"அறை விழுந்தது என்ர கன்னத்தில. தனிப்பட்ட தகவல் எப்பிடி அவருக்குப் போச்சுது?" என்றான் குகன்.

இந்த ஒரு வரியை அப்படியே மேன்முறையீட்டில் எழுத வேண்டும் என்று அபி ஒற்றைக் காலில் நின்றாள். இவர் அதைத் துறைமுகத்துக் கந்தோர்த் தமிழில் திருப்பி எழுதினார். வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் அந்தத் தமிழ்தான் அவர்களுக்கு விளங்கியது போல. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, முறைப்பாட்டாளருக்கு மட்டும் என்ற குறிப்போடு, விசாரணையின் முடிவைத் தந்தார்கள்.

அதில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிராளியின் வாக்குமூலப்படி, முறைப்பாட்டாளர் தமது குடும்ப உபயத்தின்போது எதிராளிக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறியுள்ளார். ஆகவே இருவருக்குமிடையே பகைமை இல்லை என்றும் விடயம் சுமுகமாகத் தீர்ந்துவிட்டது என்றும் கருதி முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது.

சோறு போட்டதற்குச் சாட்சி ஊரெல்லாம். அடித்ததற்குச் சாட்சி பின்சீட்டில் இருந்த பிள்ளை மட்டும். அவளை யாரும் கேட்கவில்லை.

6

"மாமா ஏன் அவருக்குச் சாப்பாடு குடுத்தது?" என்று அபி கேட்டாள். இலக்கணத்தை விடுங்கள், கேள்வி நியாயமானது. அவளுக்கு எப்படி விளக்குவது? நான் வேலை செய்கிற உணவுக்கூடத்தில் யாருக்கு எத்தனை துண்டு என்று சட்டம் இருக்கிறது. பசிக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு துண்டு கூட வைத்தால் எனக்கு அறிவுரை சொல்ல ஆள் வரும். "பந்தியில இருந்தால் போடத்தான் வேணும்," என்றேன். "அடிச்ச ஆளுக்கும் போடவேணுமோ?" என்றாள். "ஓம்," என்றேன். "அப்ப, முறைப்பாடும் செய்யலாமோ?" என்றாள். அதற்கும் "ஓம்" என்றேன். இரண்டு ஓமும் எப்படிச் சேரும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கந்தோருக்கும் பிடிபடவில்லை. பிறகு அவளைக் குறை சொல்லி என்ன?

மறுவிசாரணை கேட்டோம், கிடைத்தது. அதற்கு முதல் நாள், இங்கிருந்து நாங்கள் மூன்று பேரும் குகனுக்கு வகுப்பு எடுத்தோம். இவர், "அது கோயில் சோறு, அம்மன்ர சோறு, நான் போடேல்ல எண்டு சொல்லும்," என்றார். நான், "அவசரத்தில முகத்தைப் பாக்கேல்ல எண்டு சொல்லு," என்றேன். அபி, "பொலிஸுக்குப் பயத்தில போட்டது எண்டு சொல்லு மாமா, அதுதான் லோயர் சொல்லுவார்," என்றாள். நீதி கேட்கப் போகிற மனிதனுக்கு ஆளுக்கொரு பொய்யைக் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

குகன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான். அடுத்த நாள் ஓர்ஸ் ஹில் ஏறிப் போய், நாங்கள் கட்டிக் கொடுத்த ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

விசாரித்தவர் ஓர் அம்மா. "நீங்கள் அவருக்குச் சாப்பாடு போட்டனீங்களோ?" என்று கேட்டாவாம்.

"ஓம், போட்டனான். முகத்தைப் பாத்துத்தான் போட்டனான்."

"அப்ப, கோபம் இல்லையோ?"

"இருக்கு, மிஸ். சோறு பந்திக்குப் போட்டது. அறை எனக்கு விழுந்தது. அது வேற கதை, இது வேற கதை. சோறு போட்டதை எழுதிப்போட்டியள். சரி, அது உண்மை. அடிச்சதும் உண்மை. அதையும் எழுதுங்கோ."

அந்த அம்மா பேனையை மேசையில் வைத்தாவாம். பிறகு சார்ஜன்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு, அடித்தீரா இல்லையா என்று நேரே கேட்டாவாம். உள்ளே என்ன கதை நடந்தது என்று குகனுக்குத் தெரியாது. சார்ஜன்ட் வெளியே வந்து, இவனைத் தாண்டிப் போகும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார் என்று மட்டும் சொன்னான்.

முடிவு வந்தது. முறைப்பாட்டாளரை எதிராளி கன்னத்தில் அறைந்தது உறுதி செய்யப்பட்டது, முறைப்பாட்டாளரின் பக்கத்தில் எந்தத் தவறும் காணப்படவில்லை, எதிராளி கடுமையாக எச்சரிக்கப்பட்டார். அதோடு, முறைப்பாட்டாளர் பின்னர் எதிராளிக்கு உணவு பரிமாறியமை மேற்படி சம்பவத்தைப் பாதிக்காது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை இவருக்கும் அபிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எழுத்தில் வந்துவிட்டது. தம்பியில் பிழையில்லை என்று அரசாங்கம் எழுதித் தந்துவிட்டது.

7

ஆனால் ஊரில் இந்த முடிவை இணையத்தில் யாரும் தட்டிப் பார்க்க ஏலாது. இங்கே அந்த இளம் பொடியனின் வாய்த்தர்க்கம்கூட உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. அங்கே இது குகனுக்கு மட்டும். நாளைக்கு அதே மரநிழலில் அதே சார்ஜன்ட் மறிக்கிற இன்னொருவனுக்கு இது தெரிய வழியில்லை. "இதுதான் பிழை, மாமா, எல்லாரும் பாக்கோணும்," என்று அபி தொலைபேசியில் புலம்பினாள்.

குகன் வேறு வழி பிடித்தான். கந்தோர்க்காரர் சொன்ன புத்திமதிப்படி, மான் தின்னாமல் இருக்க, அதை லமினேட் பண்ணினான். பண்ணியதைக் கொண்டுபோய் ஓட்டோவில் சாரதி இருக்கைக்குப் பின்பக்கம், ஏறுகிறவரின் கண்ணுக்கு நேரே, நான்கு மூலையிலும் ஆணி வைத்து அறைந்துவிட்டான். அந்த இடத்தில் முன்னர் 'புகைத்தல் தடை' இருந்தது. இனி நீங்கள் ஜெட்டியிலிருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு அவனுடைய ஓட்டோவில் போனால், போய்ச் சேர்வதற்குள் வாசித்து முடிக்கலாம். சிலர் முடிக்காமல், "கொஞ்சம் மெல்லப் போ தம்பி," என்கிறார்களாம். இறக்கக்கண்டியிலிருந்து வந்த ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனாராம், அவருக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறதாம்.

இவருக்குத்தான் இங்கே நித்திரை போய்விட்டது. "உதைக் கழட்டச் சொல்லும். அவையள் கண்டால்?"

"கண்டால் கழட்டச் சொல்லட்டும், அத்தான்," என்றான் குகன். "என்ன காரணம் எண்டு எழுதித் தரட்டும். அதையும் பக்கத்தில லமினேட் பண்ணி அடிப்பன்."

ஆனால் அவன் யாருக்காக எழுதி வாங்கினானோ, அவள் மட்டும் வாசிக்கவில்லை. மேசையில் வைத்தபோதும் பார்க்கவில்லை, ஓட்டோவில் அடித்த பிறகும் பஸ்ஸில்தான் போனாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம், வந்து வாசி என்று சொல்லத் தகப்பனுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லும்போது, "அவளுக்கு எப்ப வருதோ அப்ப வரட்டும்," என்றான். குரல் அப்படிச் சொல்லவில்லை.

போன கிழமை, இங்கே பின்னேரம், அங்கே காலை. நான் சமையல் வேலையாக நிற்க, குகன் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, தொலைபேசியை ஓட்டோவின் முன்பக்கத்தில் கொளுவிவிட்டு என்னோடு கதைத்துக்கொண்டிருந்தான். அங்கே பெரிய மழை. கதைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்திவிட்டான். பிறகு பின்னால் திரை விலகுகிற சத்தம், ஈரச் செருப்புச் சத்தம்.

"பஸ் வரேல்ல," என்று துளசியின் குரல் கேட்டது.

"ஏறம்மா," என்றான் குகன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஓட்டோ ஓடியது. நிலாவெளி வீதிக்கு ஏறியது சத்தத்தில் தெரிந்தது. அந்த மரநிழலையும் தாண்டியிருக்க வேண்டும். பின்னால் அவள் மெல்ல, பாடம் வாசிக்கிற மாதிரி, முணுமுணுத்து வாசிப்பது மழைக்குள்ளால் விட்டு விட்டுக் கேட்டது. 'முறைப்பாட்டாளரின் பக்கத்தில் எந்தத் தவறும்' என்ற இடத்தில் நிறுத்தினாள். திரும்ப அந்த இடத்தை முதலிலிருந்து வாசித்தாள். பிறகு மிச்சத்தையும் வாசித்தாள். பட்டினம் வந்துவிட்டது போல, பஸ்களின் ஹோர்ன் கேட்டது.

"அப்பா."

"என்னம்மா?"

"இதில ஒண்டு விட்டுப் போச்சு."

"என்ன விட்டுப் போச்சு?"

"நீங்கள் சோறு போட்டது மட்டும்தான் இருக்கு. நான் அவருக்குப் பாயாசம் விட்டனான். அதை எழுதேல்ல."

குகன் ஓட்டோவை ஓரம் கட்டினான். எஞ்சின் சத்தம் இறங்கியது. "நீயோ? அம்மா உன்னை அந்த வரிசைக்குப் போகவேண்டாம் எண்டவ எல்லே?"

"போனனான். எல்லாருக்கும் விட்ட அளவுதான் அவருக்கும் விட்டனான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதையும் எழுதச் சொல்லுங்கோ, அப்பா."